தோண்டிய ஆழம் எத்தனை நாள் நிற்கும்?

குன்னூரில் டிப்ளமோ படிக்கும் ஒரு தம்பி நீளமாக எழுதிக் கேட்டிருந்தார். தூத்துக்குடியில் பெரிய கப்பல் கட்டும் தளம் வரப்போகிறது என்கிறார்களே, அரசுத் தளங்களை நவீனமாக்குவது என்றால் அங்கே உண்மையில் என்ன செய்வார்கள், கப்பல் வந்துபோகிற கால்வாயை இன்னும் இரண்டு மூன்று மீட்டர் தோண்டிவிட்டால் பெரிய கப்பல் தானாக வந்துவிடாதா, ஊட்டி ஏரியைத் தூர்வாருகிற மாதிரிதானே, ஒருமுறை செய்தால் முடிந்தது, அப்புறம் ஏன் வருடா வருடம் பணம் கேட்கிறார்கள் என்று. கடைசியில், மலையில் பிறந்தவனுக்கு இந்தத் துறையில் இடம் உண்டா என்று ஒரு வரி.

நான் கூடலூர்க்காரன். அப்பாவும் அம்மாவும் 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். நான் மலை இறங்கிக் கொச்சிக்குப் போய் இருபத்தாறு வருடம் தூர்வாரும் வேலைக்கு ஆழம் அளக்கிற சர்வே படகில் இருந்தேன். கப்பல் கட்டியவன் இல்லை, ஆனால் அந்தக் கப்பல்கள் வெளியே போகிற வழியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ராத்திரி பகலாக அளந்தவன். அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அதற்குள்ளேயே கிடக்கிறது.

கப்பல் தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கி நிற்கிறதோ அதை டிராஃப்ட் என்போம். பத்து மீட்டர் டிராஃப்ட் உள்ள கப்பலுக்குப் பத்து மீட்டர் கால்வாய் போதாது. ஓடுகிற கப்பல் ஆழம் குறைந்த இடத்தில் கீழே அமுங்கும், வேகம் இரட்டிப்பானால் அமுங்கல் ஏறக்குறைய நாலு மடங்கு ஆகும். வெளிக்கால்வாயில் அலை தூக்கிப் போடும். மழைக்காலத்தில் ஆற்று நீர் இறங்கிக் காயல் நன்னீராக மாறினால் அதே கப்பல் கடலில் நின்றதைவிட இரண்டரை சதவீதம் கூடுதலாக இறங்கும், பத்து மீட்டருக்குக் கால் மீட்டர். இதையெல்லாம் சேர்த்துத்தான் அடியில் இடைவெளி விடுகிறார்கள். உள்ளே அமைதியான இடத்தில் டிராஃப்டில் பத்து பதினைந்து சதவீதம், வெளியே அலை அடிக்கிற இடத்தில் அதைவிட அதிகம்.

பலர் யோசிக்காத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சரக்குத் துறைமுகத்துக்குக் கப்பல் பாரம் ஏற்றி வரும். கப்பல் தளத்துக்கு வருகிற கப்பல் பெரும்பாலும் காலியாக வரும், அங்கே பிறக்கிற கப்பலும் காலியாகத்தான் வெளியே போகும். கொச்சியிலேயே பாருங்கள். வல்லார்பாடம் கண்டெய்னர் முனையத்துக்காகக் கால்வாயை 14.5 மீட்டர் வைத்திருக்கிறார்கள். அதே ஊரில் 1,799 கோடி ரூபாயில் கட்டி, 2024 ஜனவரி 17 அன்று திறந்த புதிய டிரை டாக் (கப்பலை உள்ளே விட்டுக் கதவை மூடித் தண்ணீரை இறைத்துவிட்டு வேலை செய்யும் பெரிய தொட்டி) 310 மீட்டர் நீளம், 13 மீட்டர் ஆழம், ஆனால் அதற்குள் வரும் கப்பலின் டிராஃப்ட் 9.5 மீட்டர்தான். அது போதும், ஏனென்றால் பெரிய டேங்கரும் சரக்கில்லாமல் வந்தால் அந்த டிராஃப்டுக்குள் அடங்கும். போர்க்கப்பலை அப்படி லேசாக்க முடியாது. 262 மீட்டர் நீளமுள்ள விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த், 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்தது, கொச்சியில் கட்டியது, அதன் டிராஃப்ட் 8.4 மீட்டர் அளவில் இருக்கும்.

அதனால் ஒரு தளத்துக்குக் கால்வாயை ஆழமாக்கப் போகிறோம் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது "எந்தக் கப்பலுக்கு, எந்த நிலையில்?" என்றுதான். அதைக் கேட்காமலே பதினாறு மீட்டர், பதினெட்டு மீட்டர் என்று போட்டுவிட்டால், தோண்டவும் காசு, வருடா வருடம் அதைக் காப்பாற்றவும் காசு. கப்பல் தளத்துக்கு ஆழத்தைவிட அகலமும், கப்பலைத் திருப்ப இடமும்தான் பல நேரம் தட்டுப்படும். முந்நூறு மீட்டர் கப்பலை இழுவைப் படகுகள் வைத்துத் திருப்ப, அதன் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு குறுக்களவில் ஒரு வட்டம் வேண்டும், அந்த வட்டம் முழுக்க ஆழம் வேண்டும். மேலே பாலமோ மின்கம்பியோ போனால் அதன் உயரமும் கணக்கு.

அப்புறம் வாசற்படி. டிரை டாக்கின் வாயில் கான்கிரீட்டில் ஒரு படி இருக்கும், அதன் மேல்தான் மிதவைக் கதவு உட்காரும். அந்தப் படிக்கு மேல் எவ்வளவு தண்ணீர் நிற்கிறதோ அதுதான் தளத்தின் உண்மையான ஆழம். படி ஒன்பது மீட்டரில் இருக்கும்போது கால்வாயைப் பதினான்குக்குத் தோண்டினால் தளத்துக்கு ஐந்து பைசா பிரயோஜனம் இல்லை. படியை இறக்கவும் முடியாது, புது டாக்தான் கட்ட வேண்டும்.

இதில் நான் கண்ணால் பார்த்த ஒரு கேடு உண்டு. ஒரு பழைய தளம், பெயர் வேண்டாம். ஜெட்டிக்கு, அதாவது கப்பலைக் கட்டி நிறுத்தும் மேடைக்கு, முன்னால் ஏழு மீட்டர் ஆழத்துக்குக் கணக்குப் போட்டு இரும்புத் தகடுகளை அடித்து நிறுத்தியிருந்தார்கள். பெரிய கப்பல் கட்ட வேண்டும் என்று அந்த ஜெட்டியை ஒட்டியே ஒன்பது மீட்டருக்குத் தோண்டச் சொன்னார்கள். தகட்டின் காலடியைப் பிடித்துக்கொண்டிருந்த மண்ணையே அள்ளி எடுத்தால் சுவர் என்னாகும்? மூன்றாவது வாரம் காலையில் படகைக் கட்டிவிட்டு மேலே ஏறினேன். ஜெட்டியின் மேல்தரையில், கிரேன் தண்டவாளத்துக்கு இணையாக ஒரு விரிசல். என் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தேன், இரண்டு கணு உள்ளே போனது. அன்றைக்கே வேலையை நிறுத்தி, தோண்டிய பள்ளத்தில் கருங்கல்லைக் கொட்டி நிரப்பினார்கள். தோண்டவும் பணம், நிரப்பவும் பணம். சுவரைப் பலப்படுத்தும் செலவைத் திட்டத்தில் எழுதினால் மொத்தம் பெரிதாகத் தெரியும் என்று விட்டிருந்தார்கள். கால்வாய், திரும்பும் இடம், ஜெட்டி, டாக் வாசல் எல்லாம் ஒரே சங்கிலி. அதில் எது ஆழம் குறைவோ அதுதான் தளத்தின் ஆழம்.

சரி, வருடா வருடம் ஏன் என்ற கேள்வி.

கொச்சித் துறைமுகமே தோண்டிப் பிறந்த துறைமுகம். முகத்துவாரத்தில் ஒரு மணல்திட்டு குறுக்கே கிடந்தது, பெரிய கப்பல் வெளியே நங்கூரமிட்டு நிற்கும். 1920-இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அந்தத் திட்டை வெட்டித் திறந்தார், 1928-இல் பத்மா என்ற கப்பல் உள்ளே வந்தது, தோண்டிய மண்ணைக் கொட்டித்தான் வில்லிங்டன் தீவை உருவாக்கினார்கள். அன்றைக்குத் திறந்த வழி, இன்றைக்கு வரை ஒரு வருடம்கூட விடாமல் தூர்வாரி வைத்திருக்கிற வழி. நிறுத்தினால் இயற்கை தன் பழைய ஆழத்துக்கே திரும்பிவிடும். முதல்முறை புதிதாக வெட்டுவதை கேப்பிட்டல் டிரெட்ஜிங் என்றும், அப்புறம் வருடா வருடம் சேர்வதை அள்ளுவதை மெயின்டனன்ஸ் டிரெட்ஜிங் என்றும் சொல்வோம். திறப்பு விழா முதலாவதற்கு மட்டும்தான் நடக்கும், ஆனால் கப்பலை உள்ளே விடுவது இரண்டாவது. இன்னொன்று, எவ்வளவு ஆழமாக வெட்டுகிறீர்களோ அவ்வளவு வேகமாகத் தூரும். சுற்றியுள்ள தரையைவிடப் பள்ளம் தாழ்ந்திருந்தால் அங்கே நீரோட்டம் தளரும், தளர்ந்தால் சேறு இறங்கும். இரண்டு மீட்டர் கூடுதலாக வெட்டுகிறவர் முதல் செலவைக் கணக்குப் பார்த்தால் போதாது, அந்த இரண்டு மீட்டரை முப்பது வருடம் காக்கிற செலவையும் பார்க்க வேண்டும்.

அந்தச் சேறு எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். ஜூலை மாதம், மழை நின்ற ஒரு இடைவெளியில் படகை எடுத்துக்கொண்டு போவோம். எக்கோ சவுண்டர் ஒலியைக் கீழே அனுப்பி, அது திரும்பி வர எடுக்கும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும். நாங்கள் இரண்டு அலைவரிசை வைத்திருப்போம், 210 கிலோஹெர்ட்ஸ் ஒன்று, 33 கிலோஹெர்ட்ஸ் ஒன்று. கோடைக்காலத்தில் தாளில் இரண்டு கோடும் ஒட்டியே ஓடும். மழைக்காலத்தில் 210-இன் கோடு மேலே ஒரு இடத்திலும், சேற்றுக்குள் ஊடுருவுகிற 33-இன் கோடு அதற்கு ஒன்றரை மீட்டர் கீழேயும் ஓடும். முதல் தடவை பார்த்தபோது கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கூட இருந்த மூத்த சர்வேயர் ஒன்றும் பேசாமல் கயிற்றில் ஒரு பாத்திரத்தை இறக்கி, மேல்கோட்டுக்குச் சற்றுக் கீழே மொண்டு, என் உள்ளங்கையில் ஊற்றினார். ராகிக் கூழ் மாதிரி, சாம்பல் நிறம், விரலிடுக்கில் வழிந்தது, அழுகிய முட்டை வாடை. அது தண்ணீரும் இல்லை, தரையும் இல்லை. அடர்த்தி குறைந்திருக்கும் வரை கப்பல் அதைக் கிழித்துக்கொண்டு போய்விடும், அடர்த்தி தண்ணீரைப் போல 1.2 மடங்கைத் தாண்டினால் கப்பலின் அடி பிடிக்கும், சுக்கான் கேட்காது. அந்த எல்லையைத்தான் பல துறைமுகங்களில் கப்பலுக்கான அடித்தரை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இதில் பணமும் இருக்கிறது. எந்தக் கோட்டைத் தரை என்று எழுதிக்கொள்கிறோமோ அதை வைத்துத்தான் ஒப்பந்தக்காரருக்குக் கன மீட்டர் கணக்கு. தோண்டுவதற்கு முன்பும் பின்பும் அளந்து வித்தியாசத்துக்குக் காசு கொடுப்பது ஒரு முறை. டிரெட்ஜர் என்கிற தூர்வாரும் கப்பலின் தொட்டியில் எத்தனை நடை ஏறியது என்று எண்ணிக் கொடுப்பது இன்னொன்று. தொட்டியில் ஏறுவதில் பாதி தண்ணீராகவும் இருக்கலாம். பொதுப்பணத்தில் நடக்கும் வேலைக்கு முதல் முறைதான் சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன், அதுவும் அளக்கிறவர் ஒப்பந்தக்காரரின் சம்பளப் பட்டியலில் இருக்கக் கூடாது.

அந்தச் சேறு எங்கிருந்து வருகிறது? கடலே கொண்டுவருவது ஒரு பங்கு. கிழக்குக் கரையில் மணல் கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். சென்னைத் துறைமுகச் சுவர் அதைத் தடுத்ததால்தான் தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்தது. குறுக்கே ஒரு கால்வாய் வெட்டினால் அந்த மணல் அதில்தான் விழும். இன்னொரு பங்கு மலையிலிருந்து வருகிறது. எங்கள் பாண்டியாறும் புன்னம்புழாவும் தேவாலா, கூடலூர் மழையை வாங்கிக்கொண்டு கேரளத்துக்குள் இறங்கி, சாலியாற்றில் சேர்ந்து, நிலம்பூர் தாண்டி பேப்பூரில் கடலைத் தொடுகின்றன. பேப்பூர் மரக்கப்பல் கட்டுகிற ஊர், உரு என்பார்கள், நிலம்பூர்த் தேக்கு இந்த ஆற்றில் மிதந்து அங்கே போய்த்தான் ஒரு காலத்தில் கப்பலானது. அந்த முகத்துவாரத்திலும் மணல்திட்டுதான் தொல்லை. ஜூன் மாதம் பாண்டியாறு செம்மண் நிறத்தில் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதன் மறுமுனைதான் கண்ணுக்குத் தெரியும். சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி போட்டு கேரட்டும் உருளையும் வைக்கிறோம், மண்வெட்டித் தழும்பு முழுக்க ஓடையாகிறது. அதில் பெரும்பங்கு முதலில் நம்முடைய அணைகளிலேயே தங்கிவிடும். அணை இல்லாத ஆறுகளில் அது கீழே போகிறது.

ஊட்டி ஏரிக்கும் கால்வாய்க்கும் வித்தியாசம் இங்கேதான். ஏரிக்கு வருகிற வாய்க்கால்களில் மண்ணைப் பிடித்துவிட்டால், ஒருமுறை தூர்வாரியது பல வருடம் நிற்கும். முகத்துவாரத்துக்கு அப்படித் தடுப்பு போட முடியாது, ஆறும் கடலும் இரண்டு பக்கமும் திறந்தே கிடக்கும். கொல்கத்தாவில் ஹூக்ளி ஆறு தூர்ந்துபோய்த் துறைமுகமே சாகிறது என்று கங்கையின் குறுக்கே பரக்காவில் அணை கட்டி, 1975 முதல் தண்ணீரைத் திருப்பி விட்டார்கள். அப்படியும் அங்கே தூர்வாருவது இன்றைக்கும் நிற்கவில்லை.

அள்ளிய மண்ணை எங்கே போடுவது என்பது அடுத்த தலைவலி. மணலாக இருந்தால் அரித்த கரைக்குக் கொடுக்கலாம், விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் எடுக்கும் மணலைக் கடற்கரைக்கே அனுப்புகிறார்கள். சேறு என்றால் கடலுக்குள் தூரமாகக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். கப்பல் தளத்து ஜெட்டி அடியில் கிடக்கும் சேறு மட்டும் தனி ரகம். பல பத்தாண்டுகள் கப்பல் அடியைச் சுரண்டிய பெயிண்ட் அதில் கலந்திருக்கும், செம்பு இருக்கும், டிரைபியூட்டைல் டின் என்ற விஷம் இருக்கும். பிரான்சில் ஆர்காஷோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்பையே அது நாசமாக்கியது, பன்னாட்டு ஒப்பந்தப்படி 2008 முதல் கப்பலில் பூசத் தடை. பெயிண்டுக்குத் தடை வந்தது, தரையில் படிந்தது அங்கேயேதான் கிடக்கிறது. அதைக் கலக்கி எடுத்து மீன்பிடிக்கிற இடத்தில் கொட்டினால் வலை போடுகிறவர் வயிற்றில் அடிப்பது. தோண்டும் முன் மாதிரி எடுத்துச் சோதித்து, விஷச் சேற்றைத் தனியே அடைத்து வைக்கும் செலவைத் திட்டத்திலேயே எழுத வேண்டும்.

தூத்துக்குடி வேறு மாதிரி. அங்கே சேறு பிரச்சினை குறைவு, அடியில் பாறை. சேற்றை உறிஞ்சுகிற கப்பல் அங்கே பல்லை உடைத்துக்கொள்ளும், பல் வைத்த தலை சுழன்று வெட்டுகிற கட்டர் டிரெட்ஜர் வேண்டும். வெட்ட விலை அதிகம், ஆனால் வெட்டியது நிற்கும். அதனால் வருடாந்திரச் செலவு வகையில் அது தளத்துக்கு நல்ல இடம் என்பேன். பக்கத்திலேயே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் பவளப்பாறைகளும் இருக்கின்றன. வெட்டும்போது கிளம்பும் தூள் நீரில் மிதந்து போய்ப் பவளத்தின் மேல் உட்கார்ந்தால் அது மூச்சடைத்துச் சாகும். நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்து, திசை மாறும் மாதத்தில் நிறுத்தி நிறுத்தித்தான் வேலை செய்ய வேண்டும். மெதுவாகத்தான் ஆகும், ஆகட்டும்.

இனி தளத்தை நவீனமாக்குவது. 2025 செப்டம்பரில் கொச்சித் தளமும் மும்பை மசகான் டாக்கும் தூத்துக்குடியில் தளம் அமைக்கத் தமிழ்நாடு அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டன, தலா 15,000 கோடி என்று அறிவிப்பு. அதே மாதம் மத்திய அரசு கப்பல் கட்டும் துறைக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. பெரிய தொகைதான். ஆனால் உலகில் கட்டப்படும் கப்பல்களில் நம் பங்கு ஒரு சதவீதம்கூட இல்லை, சீனா, கொரியா, ஜப்பான் மூன்றும் சேர்ந்து தொண்ணூறுக்கு மேல். 1948 மார்ச்சில் விசாகப்பட்டினத்தில் நேரு 'ஜல உஷா' என்ற கப்பலைக் கடலில் இறக்கியபோது கொரியாவில் இந்தத் தொழில் பேருக்குத்தான் இருந்தது. நமக்கும் அவர்களுக்கும் இடையில் விழுந்த தூரம் கிரேனில் மட்டும் இல்லை.

கப்பல் கட்டுகிறவர்கள் சொல்லும் ஒரு கணக்கு உண்டு, 1-3-8. ஒரு குழாயைப் பட்டறைக்குள் பொருத்த ஒரு மணி நேரம் ஆனால், பிளாக்காக, அதாவது கப்பலின் ஒரு பெரிய துண்டாகச் சேர்த்தபின் பொருத்த மூன்று மணி நேரம், கப்பல் முழுசாக எழுந்தபின் உள்ளே நுழைந்து பொருத்த எட்டு மணி நேரம். நவீனமாக்குவது என்றால் எட்டில் செய்ததை ஒன்றுக்குக் கொண்டுவருவதுதான். அதற்குத்தான் பெரிய பட்டறைக் கூரை, தகட்டை அறுக்கும் கணினி எந்திரம், கொச்சிப் புது டாக்கில் இருப்பது போல 600 டன் தூக்கும் கேன்ட்ரி கிரேன். பிளாக் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேலையைக் கீழேயே முடித்துவிடலாம். கூரையை யாரும் பெரிதாகப் பேச மாட்டார்கள், ஆனால் நம் ஊர் மழைக்கு அதுதான் முக்கியம். காற்றில் ஈரம் 85 சதவீதம் தாண்டினால் பெயிண்ட் அடிக்கக் கூடாது, அடித்தால் இரண்டு வருடத்தில் உரியும். மூடிய பெயிண்ட் கூடம் இல்லாத தளத்தில் ஜூன், ஜூலை முழுக்கக் கப்பல் வெறுமனே நிற்கும்.

எந்திரம் வாங்குவது எளிது. ஒரே மாதிரிக் கப்பல் நாலைந்து தொடர்ந்து கட்டினால்தான் ஐந்தாவது சீக்கிரம் முடியும், கை பழகும். நம் அரசுத் தளங்களுக்கு ஒரு கப்பல் கொடுத்துவிட்டு அடுத்த ஆர்டருக்குப் பல வருடம் காக்க வைத்த காலம் இருந்தது, அந்த இடைவெளியில் நல்ல வெல்டர்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். திரும்பி வரவில்லை. என்னைக் கேட்டால் கிரேனுக்கு முன்னால் பத்து வருட ஆர்டரை உறுதி செய்ய வேண்டும். தூர்வாரும் கப்பல்களையே எடுத்துக்கொள்ளுங்கள், 12,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள டிரெட்ஜரை அரசு நிறுவனத்துக்காகக் கொச்சியில் கட்ட ஆர்டர் கொடுத்தார்கள். இது எனக்கு மனசுக்கு நிறைவு. நம் கால்வாயை நம் தளத்தில் பிறந்த கப்பல் காக்கும். அது ஒன்றோடு நிற்காமல் வரிசையாக வந்தால் கையும் பழகும், கால்வாயும் நிற்கும்.

கடைசிக் கேள்வி, தம்பி. மலைக்காரனுக்கு இடம் உண்டா என்றால், தாராளமாக உண்டு. டிப்ளமோவோடு தளங்களில் அப்ரென்டிஸ் எடுப்பார்கள், வெல்டிங்கில் சான்றிதழ் வாங்கிவிட்டால் வேலை உங்களைத் தேடி வரும். மேலே படிக்க மனசிருந்தால் கொச்சிப் பல்கலைக்கழகத்தில் கப்பல் பொறியியல் இருக்கிறது, விசாகப்பட்டினத்தில் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழக வளாகத்தில் தூர்வாருதலும் துறைமுகப் பொறியியலும் மேற்படிப்பாகவே இருக்கிறது. ஆழம் அளக்கும் வேலை பிடித்திருந்தால் இப்போதே ஒன்று செய்து பாருங்கள். ஜூலையில் மழை அடித்து ஓய்ந்த மறுநாள் உங்கள் ஊர் ஓடையில் ஒரு கண்ணாடிப் பாட்டில் நிறைய தண்ணீர் பிடித்து ஜன்னலோரம் வையுங்கள். காலையில் அடியில் எவ்வளவு படிந்திருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து தேதி போட்டு எழுதுங்கள், தேயிலைக்குக் கீழே ஓடும் ஓடை ஒன்று, கேரட் காட்டுக்குக் கீழே ஓடுவது ஒன்று, சோலைக்குள்ளிருந்து வருவது ஒன்று. ஒரு பருவம் முழுக்க அளந்த நோட்டோடு கூடலூர் வந்தால், என் பழைய எக்கோ சவுண்டர் தாள்களை எடுத்து வைக்கிறேன், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துப் பார்க்கலாம்.